வாவியல்: மிதித்து அழைக்கும் ஒரு கருவி குறித்த முன்னோடி ஆய்வு

எலக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடக்கும் ஓர் உலோகப் பெட்டி, மிதித்தால் ‘வா’ என்கிறது. அமெரிக்கர் காதில் அது குழந்தையின் அழுகையாக விழுந்தது; அந்த இனத்துப் பெடல்களில் பெயர்பெற்றதற்கு ‘க்ரை பேபி’ என்று பெயர் வைத்தார்கள். வடக்கே கஸல் கேட்டுப் பழகியவருக்கு அது ‘வாஹ் வாஹ்’ என்ற பாராட்டு. தமிழருக்கு மட்டும்தான் அது முழு வாக்கியம். தோன்றா எழுவாயும் பயனிலையும் கொண்டு பொருள் முடிந்து நிற்கும் வாக்கியம். முன்னிலை, ஏவல், ஒருமை.

சிக்கல் அந்த ஒருமையில் இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் வாசலுக்கு வந்த ஆட்டு வியாபாரியைக்கூட ‘வாங்க’ என்றுதான் அழைப்பார்கள். இப்படிப்பட்ட வட்டாரத்தில் பெரியவர் சிறியவர் பாராமல் எல்லாரையும் ‘வா, வா’ என்று கூப்பிடும் ஒரு கருவியை முதன்முதலாக வாங்கி வைப்பது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள்.

பனமரத்துப்பட்டியில், அரளித் தோட்டத்து வீட்டில், கிட்டார் பழகும் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆய்வுலகில் இதைக் கருதுகோள் என்பார்கள். பையனுக்கு ஓர் ஆயா உண்டு. அவர் துணைக் கருதுகோள். சேலத்துக்குக் குடிநீர் தருவதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் அமைத்த ஏரி ஒருபக்கம், ஜருகுமலை இன்னொரு பக்கம். விடிவதற்குள் அரளி மொக்குப் பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டிய ஊர் என்பதால் இரவு எட்டு மணிக்கு மேல் ‘வா’ என்பது இங்கே ஒரு குடும்பப் பிரச்சினையும்கூட.

முதலில் பிறப்பு. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியல், ஒலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவிய வேண்டும். அ, ஆ இரண்டுக்கும் வாய் திறக்க வேண்டும். இதற்கு அங்காத்தல் என்று பெயர். வா பெடல் செய்யும் வேலை இவ்வளவுதான். குதிகாலை அழுத்தினால் இதழ் குவிகிறது, ஒலி ‘ஊ’ பக்கம் போகிறது. கால்விரலை அழுத்தினால் அங்காக்கிறது, ‘ஆ’ வருகிறது. ஊவிலிருந்து ஆவுக்கு விரைந்து போனால் காதுக்கு ‘வா’. மின்னணுவியலார் இதையே, ஏறத்தாழ 450 ஹெர்ட்ஸிலிருந்து 2000 ஹெர்ட்ஸைத் தாண்டும் வரை ஒலி ஓங்கும் ஒரு மேட்டை நகர்த்துதல் என்பார்கள். 440 ஹெர்ட்ஸ் என்பது கிட்டாரின் முதல் தந்தியில் ஐந்தாம் கட்டம். குவிந்த இதழ் கிட்டத்தட்ட அங்கேதான் குடியிருக்கிறது.

வகரத்துக்குப் பிறப்பியல் சொல்லும் இலக்கணம் இன்னும் நுட்பமானது. பல்லும் இதழும் பொருந்த வேண்டும். பெடலுக்குப் பல் ஏது என்று எதிர்வாதம் வரலாம். அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தால் வாதம் தீரும். மிதிபலகையோடு ஒரு பல்தண்டு மேலும் கீழும் போகிறது. அது ஒரு பல்சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரம் ஒரு 100 கிலோஓம் கண்ட்ரோலைச் சுழற்றுகிறது. ரேடியோவில் வால்யூம் வைக்கிற அதே வகைக் கண்ட்ரோல்தான். பல் இருக்கிறது, இலக்கணம் நிறைவேறுகிறது. மார்லி என்ற அமெரிக்கக் கம்பெனி மட்டும் பல்சக்கரத்தைத் தவிர்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து வேலை வாங்கியது. தேயப் பல் இல்லாததால் அது கரகரப்பதில்லை. ஆனாலும் இவ்வாய்வின்படி அது பொக்கை வாயால் சொல்லப்படும் ‘வா’.

உள்ளே இருப்பவை இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு காயில், சில்லறைச் சாமான்கள். காயில் 500 மில்லிஹென்றி, கபாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட். இரண்டையும் ஒத்ததிர்வுச் சூத்திரத்தில் போட்டால் விடை சுமார் 2250 ஹெர்ட்ஸ். அதுதான் முழு அங்காப்பு. குதிகாலை அழுத்தும்போது அதே கபாசிட்டர் சுற்றின் சூட்சுமத்தால் தன்னை இருபது மடங்குக்கு மேல் பெரிதாகக் காட்டிக்கொள்கிறது. சம்பந்தம் பேசும் இடத்தில் ரெண்டு ஏக்கர் காடு நாற்பது ஏக்கராக விரிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த மின்னியல் எளிதில் விளங்கும்.

கருவியின் வரலாறே ஒரு சிக்கனத்தில்தான் தொடங்கியது. 1966இல் கலிபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிராட்லி பிளங்கெட் என்ற இளம் பொறியாளர், வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரில் இருந்த விலை கூடிய ஒரு சுவிட்சை எடுத்துவிட்டு அங்கே மலிவான கண்ட்ரோலை வைக்கப் பார்த்தார். திருப்பியபோது ஒலி வாயைத் திறந்தது. கையால் திருப்பிக்கொண்டே கிட்டார் வாசிக்க முடியாது என்பதால் ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் அதை வைத்தார்கள். கம்பெனித் தலைமை இதை ஊதுகருவிக்காரர்களுக்கு விற்க நினைத்தது. கிட்டாருக்குத்தான் இது என்று மன்றாடியவர் டெல் காஷர் என்ற கிட்டார் கலைஞர். ஆனாலும் 1967இல் வந்த பெடலுக்கு கிளைட் மெக்காய் என்ற ட்ரம்பெட் கலைஞரின் பெயரையே சூட்டி, அடித்தட்டில் அவர் படத்தையும் போட்டார்கள். மூடியால் ட்ரம்பெட்டின் வாயைப் பொத்தித் திறந்து அழவைத்துப் புகழ்பெற்றவர் அவர். ‘க்ரை பேபி’ என்ற பெயரையோ தாமஸ் ஆர்கன் பதிவு செய்யாமல் விட்டுவிட்டது. ஆளாளுக்கு அந்தப் பெயரில் பெடல் போட்டார்கள். ‘ஒரிஜினல்’ என்று பலகை மாட்டிய அல்வாக் கடைகள் ஒரே தெருவில் நான்கு இருப்பதைப் பார்த்தவர்களுக்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை. 1980களில் அந்தப் பெயர் ஜிம் டன்லப் கம்பெனியின் கைக்கு வந்தது.

உண்மையில் இந்த வித்தை நம்மிடம் கைக்கடக்கமாக முன்பே உண்டு. முகர்சிங் வாசிப்பவர் இரும்பு நாக்கை மீட்டிவிட்டு, வாயின் வடிவை மாற்றி மாற்றி அதைப் பேசவைக்கிறார். பெடல் அதையே காலுக்கு இறக்கியது. காலுக்கு இறக்கியதால் ஒரு தோஷமும் ஏற்பட்டது. அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

எந்தப் பெடலை வாங்குவது? ஊர்ப் பையன்களில் பலருக்கு முதல் வா, ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் போல மிதி வைத்த மல்டி எஃபெக்ட் பெட்டியில்தான் கிடைக்கிறது. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். கட்டுரையாளருக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. கால் பழகுவதற்கு அது போதும். தனிப் பெடல்தான் வேண்டுமென்றால் குமிழ்கள் குறைந்த சாதாரண க்ரை பேபியோ வாக்ஸோ நல்லது. டன்லப் 535கியூ போன்றவற்றில் வாய் எவ்வளவு திறக்க வேண்டும், உதடு எவ்வளவு கூர்மையாகக் குவிய வேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனிக் குமிழ் உண்டு. பேசவே தெரியாத பிள்ளைக்கு மேடைப் பேச்சுப் பயிற்சி தருவது போன்றது அது. ஒரு வருடம் கழித்து வாங்கலாம்.

பழையதை வாங்கும்போது மூன்று சோதனை. மிதிக்கும்போது கரகரவென்றால் கண்ட்ரோலில் தூசு. கான்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் சரியாகும், துரு எண்ணெய் ஊற்றக் கூடாது. பலகை தானாகக் கீழே சரிந்தால் அச்சு நட்டை இறுக்க வேண்டும். பிறகு, பெடலை அணைத்துவிட்டு ஒருமுறையும், கேபிளை நேராக ஆம்புக்கே சொருகி ஒருமுறையும் வாசித்துப் பார்க்க வேண்டும். பெடல் வழியே வரும்போது ஒலி கம்பளி போர்த்தியது போல் மங்கினால் அது பழைய வடிவமைப்பின் குறை. சும்மா கிடக்கும்போதும் உச்ச ஒலிகளை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

நான்காவது சோதனை இந்த மண்ணுக்கே உரியது: செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்ப்பது. பெடலை வடிவமைத்தவர்கள் பூட்ஸ் போட்டவர்கள். விரல்பக்கம் பலகையை ஓங்கி மிதித்தால்தான் அடியில் இருக்கும் சுவிட்ச் ‘டக்’கென்று விழும். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை மேடையில் ஆர்கெஸ்ட்ராக்காரருக்கு வெறுங்கால்தான். முழு பலத்தோடு மிதித்தும் சுவிட்ச் விழாமல், பாட்டின் பாதிவரை பெடல் ஊமையாக இருந்ததும், விழுந்த பிறகு எழாமல் பக்திப் பாட்டு முழுக்க வாவா என்றதும் மேடை அனுபவம் உள்ளவர்கள் அறிந்த கதை. சுவிட்சைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி அதைச் சற்று உயர்த்தி வைத்தால் லேசான மிதியே போதும். அதிகம் உயர்த்தினால் ‘ஆ’வின் நுனிக்குப் போகும்போதெல்லாம் தானாக அணையும். அரை அரைச் சுற்றாகத்தான் போக வேண்டும்.

மேடை வைப்பில் இன்னொன்று. உள்ளே இருக்கும் காயில் காந்தத்துக்கு இளகிய மனம் கொண்டது. பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கோ எலிமினேட்டருக்கோ பக்கத்தில் வைத்தால் ‘ம்ம்ம்’ என்று உறும ஆரம்பிக்கும். நான்கு அடி தள்ளி வைத்தாலே அடங்கிவிடும். எலிமினேட்டர் வாங்கும்போது 9 வோல்ட், நடு முனை மைனஸ் என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய ரேடியோவுக்கு வாங்கியதைச் சொருகிப் பெடலைப் பரலோகம் அனுப்பக் கூடாது. பேட்டரியில் ஓட்டுபவர்கள் வாசித்து முடித்ததும் கிட்டார் பின்னைப் பிடுங்கிவிட வேண்டும். பின் உள்ளே இருக்கும்வரை பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி கரையும்.

அடுத்து, அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும் இடம். கரகரப்பைத் தரும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் வா வருமா, பின்னால் வருமா? தொல்காப்பியக் கட்சிக்கு ஐயமே இல்லை. காற்று உந்தியிலிருந்து கிளம்பி, மிடற்றைக் கடந்து, பிறகுதான் பல்லையும் இதழையும் சேர்கிறது. எனவே கரகரத்த தொண்டை முன்னே, வாய் பின்னே. கிட்டார் மேதை ஹென்ட்ரிக்ஸின் கட்சி இதற்கு நேர் எதிர்: வாயை முதலில் வைத்து, அது சொன்னதைத் தொண்டையில் போட்டு அரைக்கிறது. இலக்கணப்படி வைத்தால் வா விசில் அடித்துக்கொண்டு ஊரையே எழுப்பும். ஹென்ட்ரிக்ஸ்படி வைத்தால் அடக்கமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். முதல் பெடலுக்கு ஹென்ட்ரிக்ஸ் வழியே உத்தமம் என்று, தமிழ்ப் பற்றை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு, இவ்வாய்வு தீர்ப்பளிக்கிறது.

ஹென்ட்ரிக்ஸ் 1968இல் வெளியிட்ட ‘எலக்ட்ரிக் லேடிலேண்ட்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘வூடூ சைல்ட் (ஸ்லைட் ரிட்டர்ன்)’. அதன் தொடக்கத்தில் சுரமே இல்லை. தந்திகளைக் கையால் அமுக்கி உரசும் வெறும் சத்தத்தைப் பெடல் பேசவைக்கிறது. உறுமி மேளத்துத் தோலைக் குச்சியால் தேய்க்கும்போது வரும் முனகலுக்கு அது தூரத்துச் சொந்தம். அந்த ஆல்பத்தின் பெயரைச் சற்றே மாற்றிப் போட்டு, ராணிப்பேட்டையில் பிறந்து ஐஐடி மெட்ராஸில் கப்பல் பொறியியல் படித்த கர்நாடக இசை கிட்டார் கலைஞர் பிரசன்னா, 2006இல் ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கை செலுத்தினார். பிள்ளையாரே உள்ளே வந்துவிட்டதால், பெடலின் சாதி பற்றிய கேள்வி இனி எழாது.

ஆனால் காலின் கேள்வி எழும். வாத்தியம் சரஸ்வதி, அதைக் காலால் மிதிப்பதா என்று ஆயா கேட்பார். பதில் தயாராக இருக்க வேண்டும். நாடகக் கொட்டகையில் கால் ஆர்மோனியம் மிதிக்கப்பட்டது. சேலத்தில் குழித்தறியில் பட்டு நெய்பவர் இரண்டு காலாலும் மிதிகட்டையை மிதிக்கிறார். அந்தப் பட்டு சாமிக்குச் சாத்தப்படுகிறது. இந்த முன்னுதாரணங்களுக்குப் பிறகு ஆயா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொள்வார் என்று கருதலாம்: ஆயுத பூஜையன்று பெடலுக்கும் சந்தனம், குங்குமம் வைக்க வேண்டும். கண்ட்ரோலுக்குள் விபூதி போகாமல் பார்த்துக்கொள்வது பையனின் பொறுப்பு.

பழகும் முறை பற்றிச் சுருக்கமாக. புதியவர்கள் ஒவ்வொரு மீட்டலுக்கும் தையல் மெஷின் மாதிரி மிதித்துத் தள்ளுவார்கள். இலக்கணத்தில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம். ஆக ஒரு ‘வா’ இரண்டு இமைப்பொழுது. சில இடத்தில் அளபெடையாக நீட்டலாம். 1971இல் ஐசக் ஹேய்ஸின் ‘ஷாஃப்ட்’ படப் பாட்டில் சார்லஸ் பிட்ஸ் விடாமல் மிதிப்பது உண்மைதான்; ஆனால் அங்கே கிட்டாரே ஒரு தாள வாத்தியம்.

இனி, தொடக்கத்தில் விட்ட ஒருமைச் சிக்கல். ‘வாங்க’ என்று சொல்ல மூக்கு வேண்டும், ஙகரம் மெல்லெழுத்து. பெடலுக்குப் பல் உண்டு, இதழ் உண்டு, மூக்கு இல்லை என்றே இத்துறை இதுவரை நம்பி வந்திருக்கிறது. ஆனால் மைக்கேல் ஷெங்கர் போன்ற கிட்டார் கலைஞர்கள் பெடலைப் பாதியில் நிறுத்தி, காலை அசைக்காமலேயே வாசிப்பார்கள். அப்போது கிட்டாருக்குச் சளி பிடித்தது போல் ஓர் ஒலி வருகிறது. அதுதான் மூக்கு. ஆகவே கால்விரலை அழுத்தி ‘வா’, பாதிக்கு இழுத்து நிறுத்தி ‘ங்’, மறுபடி திறந்து ‘க’. ககரத்துக்குத் தந்தியை உள்ளங்கையால் ஒரு கணம் அமுக்க வேண்டும்.

கருதுகோளின்படி பையன் இதை ஒரு வாரம் பழகினான். முதல் நாள் அறைக்கு வெளியிலிருந்து, “யாரைடா வா, போன்னு கூப்புடற?” என்று ஆயாவின் குரல் வந்தது. எட்டாம் நாள் சத்தம் இல்லை. பையன் எட்டிப் பார்த்தான். அரளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீரோடு, வந்தவர்கள் யார் என்று வாசலில் தேடிக்கொண்டிருந்தார் ஆயா.