பொடி வைக்காமல் பத்த வைத்த கதை

எங்கள் ஊரில் பத்த வைப்பதற்கு மூன்று அர்த்தம் உண்டு. தீக்குச்சியை உரசுவது முதலாவது. சும்மா இருக்கிற இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பது இரண்டாவது. அறுந்த நகையை ஆசாரி ஒட்டித் தருவது மூன்றாவது. முதலாவதில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டியை மிஞ்ச நாட்டில் ஆள் கிடையாது. இரண்டாவதில் எந்த ஊருக்கும் எந்த ஊரும் சளைத்ததில்லை. மூன்றாவதில்தான் போன ஆடி மாதம் எனக்கு ஒரு குழப்பம் வந்தது.

மகளின் வெள்ளிக் கொலுசு கொக்கிக்குப் பக்கத்தில் அறுந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆசாரி ஈ ஓட்டிக்கொண்டிருப்பார் என்று கணக்குப் போட்டுக் கொலுசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

பழைய பட்டறை எனக்கு நன்றாகத் தெரியும். உமிச்சட்டி, ஊதுகுழல், குறடு, கொஞ்சம் வெங்காரம், அப்புறம் பொடி. பொடி என்பது நகையைவிடச் சீக்கிரம் உருகுகிற கலப்பு உலோகம். அதை அறுந்த இடத்தில் வைத்து, கன்னம் உப்ப ஊதினால் உருகி இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒருவர் பொடி வைத்துப் பேசுகிறார் என்கிறோமே, அது இந்தப் பொடிதான் என்பது ஆசாரியின் கட்சி. மூக்குப்பொடி என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பொடியும் ஆகாது.

அன்றைக்கு உமிச்சட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் சின்ன ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு பெட்டி. முன்பக்கம் கையை நுழைக்க இரண்டு ஓட்டை, மேலே கண்ணை வைத்துப் பார்க்க ஒரு லென்ஸ், கீழே தையல் மிஷின் மாதிரி ஒரு பெடல்.

“என்ன ஆசாரி, பொடியெல்லாம் எங்கே?”

“பொடியெல்லாம் இனிமே எதுக்கு அண்ணாச்சி? லேசர்லா வந்துட்டு. உட்காருங்க, மிஷின் தயாராக ரெண்டு நிமிசம் ஆகும்.”

அந்த இரண்டு நிமிஷத்தில் கதையைச் சொல்லிவிடுகிறேன். லேசரின் வரலாற்றைப் படித்தால் முதல் அத்தியாயம் முழுக்க இரண்டாவது வகைப் பத்த வைப்பாகத்தான் இருக்கிறது.

1957. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே சார்லஸ் டவுன்ஸ் என்று ஒரு பெரிய பேராசிரியர், கார்டன் கூல்டு என்று வயசு தாண்டியும் பட்டம் முடிக்காத ஒரு மாணவர். பேராசிரியர் ஒருநாள் மாணவரைக் கூப்பிட்டு, நீ வைத்திருக்கும் அந்தப் பிரகாசமான விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல் என்று சாதாரணமாகக் கேட்கிறார். கூல்டுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. விளக்கை வைத்து ஒளியைப் பெருக்கலாம் என்ற அதே யோசனைதான் அவர் மனதிலும் இருந்தது. நோட்டை எடுத்து, ஒளியைப் பெருக்கும் கருவிக்கு லேசர் என்று பெயரே சூட்டி, கணக்கெல்லாம் எழுதி, முத்திரை வாங்க ஓடினார். எங்கே? மிட்டாய்க்கடைக்கு. அந்தக் கடைக்காரர்தான் அந்தப் பேட்டையின் நோட்டரி.

கோவில்பட்டிக்காரனுக்கு இந்த இடத்தில் மார்பு விம்மத்தான் செய்யும். ஆனால் எங்கள் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீட்டை வாங்கிக்கொண்டு கௌரவமாக வீடு வந்து சேர்ந்தது. மிட்டாய்க்கடையில் முத்திரை வாங்கிய லேசருக்கோ முப்பது வருஷ வழக்கு. கருவியைச் செய்துகாட்டினால்தான் காப்புரிமை தருவார்கள் என்று கூல்டு தப்பாகப் புரிந்துகொண்டு சும்மா இருந்துவிட்டார். அதற்குள் டவுன்ஸும் அவருடைய மச்சினர் ஆர்தர் ஷாலோவும் 1958-லேயே மனுப் போட்டுவிட்டார்கள். ஆம், டவுன்ஸின் தங்கையைத்தான் ஷாலோ கட்டியிருந்தார். மாமன் மச்சான் கூட்டணியிடம் தனி ஆள் ஜெயிக்க முடியுமா? போதாக்குறைக்கு, கூல்டு சேர்ந்திருந்த நிறுவனத்துக்கு ராணுவம் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் கொடுத்தது. கொடுத்த கையோடு, இளவயதில் இடதுசாரிகளோடு பழகியவர் என்று சொல்லி, கூல்டை மட்டும் அந்த வேலைக்குள் விடவில்லை. சொந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பந்தியில் இடமில்லை. அமெரிக்காவில் முதல் லேசர் காப்புரிமை 1977-ல்தான் அவர் கைக்கு வந்தது.

இவர்கள் இங்கே அடித்துக்கொண்டிருக்க, கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் என்ற 32 வயதுக்காரர் ஒரு துண்டுச் செயற்கை மாணிக்கக்கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாணிக்கம் இதற்கு உதவாது என்று ஷாலோ ஒரு மாநாட்டில் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். பெரியவர் சொன்னதைக் கேட்காத பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. மைமன் தானே அளந்து பார்த்தார். முன்னால் அளந்தவர்களின் கணக்கு தப்பு. போட்டோ ஸ்டுடியோ ஃபிளாஷ் விளக்கு ஒன்றை வாங்கினார். ஜிலேபி மாதிரிச் சுருண்ட விளக்கு. சுருளுக்கு நடுவே கல்லைச் செருகினார். 1960 மே 16 அன்று ஃபிளாஷ் வெட்டியது. கல்லிலிருந்து சிவப்பாய் ஓர் ஒளித்துடிப்பு கிளம்பியது. அவ்வளவுதான். உலகின் முதல் லேசர் தொடர்ந்து எரியவே இல்லை. பளிச், முடிந்தது. திரும்பப் பளிச், முடிந்தது. குச்சி உரசுகிற ஊர்க்காரனுக்கு இது என்னவென்று விளக்கவே வேண்டாம்.

மைமன் எழுதிய கட்டுரையை அமெரிக்காவின் பெரிய இயற்பியல் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. இங்கிலாந்தின் ‘நேச்சர்’தான் ஆகஸ்டில் போட்டது, முந்நூறு வார்த்தைக்குள். அதற்கு முன் ஜூலையில் பத்திரிகையாளர் கூட்டம் நடந்தது. படம் எடுக்க வந்த போட்டோகிராபர் கருவியைப் பார்த்து முகம் சுளித்தார். உள்ளங்கையில் அடங்குகிற இந்தச் சமாச்சாரத்தை யார் நம்புவார்கள் என்று சொல்லி, வேறு பெரிய விளக்கையும் பெரிய கல்லையும் மைமன் கையில் கொடுத்து முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். வரலாற்றில் இன்றைக்கும் நிற்பது அந்தப் படம்தான். உண்மையான மாப்பிள்ளை ஓரத்தில், மாலை போட்டு நிற்பவர் மாப்பிள்ளைத் தோழன். மறுநாள் பேப்பரில் ‘கொலைக் கதிர்’ என்று தலைப்பு வந்தது. முதலாவது வகையைச் செய்தவரைப் பற்றி இரண்டாவது வகையில் எழுதிவிட்டார்கள்.

கொலைக் கதிரைக் கொண்டு என்ன செய்வது? யாருக்கும் தெரியவில்லை. தீர்வு கையில் இருக்கிறது, பிரச்சினையைத்தான் இனிமேல் தேட வேண்டும் என்று மைமனின் உதவியாளரே நக்கலடித்தார். விஞ்ஞானிகள் பொழுதுபோகாமல் சவர பிளேடுகளை அடுக்கிவைத்துச் சுட ஆரம்பித்தார்கள். ஒரு துடிப்பு எத்தனை பிளேடைத் துளைக்கிறதோ அத்தனை ‘ஜில்லெட்’ அதன் சக்தி. சத்தியமாக இப்படித்தான் அளந்தார்கள். எங்கள் ஊரிலும் மேடைப் பேச்சாளர்களைப் பிளேடுக் கணக்கில்தான் அளக்கிறோம், ஆனால் அது வேறு இயற்பியல்.

தொழிற்சாலையில் உருப்படியான முதல் வேலை 1965-ல் கிடைத்தது. தாமிரக் கம்பி இழுக்க வைர அச்சு வேண்டும். வைரத்தில் நுண்ணிய ஓட்டை போட நாள்கணக்காகும். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி மாணிக்க லேசரை வைத்து நிமிஷக் கணக்கில் முடித்தது. அதற்கு ஒரு வருஷம் முந்தியே பெல் ஆய்வுக்கூடத்தில் மாணிக்கத்துக்கு ஒரு பங்காளி பிறந்தாயிற்று: நியோடிமியம் கலந்த யாக் கல். பெயரைக் கேட்டு இமயமலை எருமையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இட்ரியம், அலுமினியம், கார்னெட் ஆகிய மூன்றின் முதலெழுத்து. ஆசாரியின் பெட்டிக்குள் இருப்பதும் இந்த யாக்தான்; பக்கத்தில் ஒரு செனான் ஃபிளாஷ் விளக்கு. மைமனின் ஜிலேபி நிமிர்ந்து நேர்க்குழல் ஆனதைத் தவிர, அறுபது வருஷத்தில் அதன் குணத்தில் பெரிய மாற்றமில்லை.

“தயார் அண்ணாச்சி.”

கொலுசை வாங்கிய ஆசாரி முதலில் செய்த காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து, அறுந்த முனையில் கறுப்பாய் ஒரு பொட்டு வைத்தார்.

“என்ன, திருஷ்டிப் பொட்டா?”

“வெள்ளி கண்ணாடி மாதிரில்லா. வர்ற வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிடும். கறுப்பு வச்சா வாங்கிக்கும். தங்கமும் இப்படித்தான் வீம்பு பண்ணும், ஆனா வெள்ளி அளவுக்கு இல்ல.”

கையை ஓட்டைக்குள் விட்டு, கண்ணை லென்ஸில் வைத்து, பெடலை மிதித்தார். டப். இன்னொரு தரம். டப். பெரிய சத்தமில்லை, சொடக்கு மாதிரி. உள்ளே ஆர்கான் வாயு ஊதிக்கொண்டிருந்தது, உலோகம் கறுத்துப் போகாமல் இருக்க. கொலுசை வெறும் விரலால் பிடித்திருந்தார். ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளி உருகுகிறது, விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த இடத்தில் ஊர்ப்பெருமைக்காக ஒரு கணக்கு. ஒரு மரக்குச்சி முழுசாக எரிந்தால் ஏறக்குறைய 1,000 ஜூல் சூடு வரும். ஆசாரியின் ஒரு ‘டப்’புக்கு 10 ஜூல் என்று வையுங்கள். அதாவது எங்கள் குச்சி நூறு மடங்கு பணக்காரன். அப்புறம் ஏன் குச்சியால் கொலுசை ஒட்ட முடியவில்லை? குச்சி தன் 1,000 ஜூலை இருபது விநாடி நின்று நிதானமாக, காற்றுக்கும் கூரைக்கும் வேடிக்கை பார்ப்பவருக்கும் பங்கு வைக்கிறது. வேலையில் அது 50 வாட். லேசர் தன் 10 ஜூலை 5 மில்லிவிநாடிக்குள், அரை மில்லிமீட்டர் புள்ளியில் கொட்டிவிடுகிறது; அது 2,000 வாட். கரிசல்காரனுக்கு இதை மழைக் கணக்கில் சொன்னால் போதும். ஒரு மாசம் தூத்தலாய் விழுந்தால் கரிசல் மண் குடித்துவிட்டு வெடிப்பை மூடிக்கொள்ளும். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரே மணி நேரத்தில் விழட்டும், கண்மாய்க் கரை போய்விடும்.

விரல் சுடாததற்கும் இதுவே காரணம். சூடு பக்கத்தில் பரவ நேரமே கொடுக்காமல் துடிப்பு முடிந்துவிடுகிறது. கல் பதித்த நகையைக்கூடக் கல்லைக் கழற்றாமல் ஒட்டலாம். ஊதுகுழல் காலத்தில் முத்து வைத்த தோட்டைப் பத்த வைக்கக் கொடுத்துவிட்டு, முத்து இருந்த இடத்தில் சுண்ணாம்பை வாங்கி வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இந்தச் சொடக்குச் சத்தம் நகைப்பட்டறையோடு நிற்கவில்லை. கண்ணில் வரும் புற்றுக்குப் பக்கத்திலேயே வைக்கக் கதிரியக்க அயோடின் அடைத்த ‘விதை’களை பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்து, சென்னை சங்கர நேத்ராலயாவுக்குக் கொடுத்தது. டைட்டானியக் குப்பி, நீளம் 4.75 மில்லிமீட்டர், கனம் 0.8. எங்கள் தீக்குச்சியின் கனத்தில் பாதிகூட இல்லை. அதன் வாயை மூடுவது லேசர்தான். பொடி வைத்து ஊத அங்கே இடமும் கிடையாது, ஊதுகிறவருக்கு ஆயுசும் கிடையாது.

தங்கம் வாங்குகிறவர்கள் பில்லோடு லென்ஸ் கேட்டு ஆறு எழுத்தைத் தேடுவது 2023 ஏப்ரல் முதல் வழக்கமாகிவிட்டது. அந்த ஆறெழுத்து ஹால்மார்க் எண்ணைப் பொறிப்பதும் துடிப்பு லேசர்தான். அதில் கல்லுக்குப் பதில் இட்டெர்பியம் கலந்த கண்ணாடி இழை.

“இன்னும் நாலு டப்பு அண்ணாச்சி, முடிஞ்சது” என்று ஆசாரி பெடலை மிதித்தார். டப். டப்.

அதோடு கரண்ட் போய்விட்டது.

ஆடிக் காற்றில் எங்கோ கம்பி உரசியிருக்கும். நாலாவது வகைப் பத்த வைப்பு. கால் மணி பார்த்தோம், அரை மணி பார்த்தோம். மகள் டியூஷனிலிருந்து வருவதற்குள் கொலுசோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஆசாரி பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து, பரணிலிருந்து உமிச்சட்டியை இறக்கினார். ஊதுகுழலின் தூசியைத் துடைத்தார். வெங்காரம் கிடைத்தது. வெள்ளிப் பொடி ஒரு மாத்திரை டப்பிக்குள் பத்திரமாக இருந்தது.

“குச்சி இருக்கா அண்ணாச்சி?”

என்னிடம் இல்லை. அவரிடமும் இல்லை. 1923-ல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய தொழில், வானம் பார்த்த இந்தப் பூமிக்கு நூறு வருஷமாகச் சோறு போடுகிறது. கூப்பிடு தூரத்தில் நாலு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் இரண்டு பேர் மடியிலும் ஒரு குச்சி இல்லை.

ஆசாரி தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். எதிர் டீக்கடைப் பையன் ஓடிவந்து ஒரு பிளாஸ்டிக் சீன லைட்டரை நீட்டினான். ஆசாரி அதை வாங்கிக்கொண்டு, வெளியே யாராவது தீப்பெட்டிக்காரர் நிற்கிறாரா என்று ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பத்த வைத்தார்.