கோடையில் வாங்கிய 'சி மைனஸை' கரை சேர்ப்பது எப்படி?

அமெரிக்காவில் இளநிலை படிக்கிறீர்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியோடு ஒரு செமஸ்டர் முழுக்க யார் மல்லுக்கட்டுவது என்று, விடுமுறையில் வீட்டுப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் ஆறு வாரத்தில் முடித்துவிடச் சேர்ந்தீர்கள். அது உங்களை நாலே வாரத்தில் முடித்துவிட்டது. கையில் 'சி மைனஸ்'. கவலை வேண்டாம், வழி இருக்கிறது.

முதலில் வீட்டுப் பயத்தை விடுங்கள். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளையின் மதிப்பெண்ணைப் பெற்றோருக்குக் காட்டியே ஆகவேண்டிய கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. ஃபீஸ் கட்டுவது அப்பாவாகவே இருந்தாலும் சரி. ஆனால் அது கல்லூரியின் வாயைத்தான் கட்டும். "ரிசல்ட் வந்துடுச்சாமே, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்" என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்கும் அம்மாவுக்கு எந்தச் சட்டமும் கிடையாது.

அடுத்து, கிரெடிட்டை மாற்றுவது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 'சி' அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் வெளிக் கல்லூரிப் பாடம் செல்லும். செல்லும்போதும் பெரும்பாலும் கிரெடிட்தான் வரும், கிரேடு வராது, ஜிபிஏ அசையாது. கோடை முழுக்கக் கண்விழித்து 'ஏ' வாங்கியவனுக்கும், தட்டுத்தடுமாறி 'சி' வாங்கியவனுக்கும் ஒரே பந்தி, ஒரே இலை. உழைத்தவன்தான் இளிச்சவாயன். நீங்களோ 1.7. இலை போடுவது 2.0-க்கு. அந்த 0.3-க்காக நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள்.

நின்றுகொண்டே ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு உருக்கமாக ஒரு மெயில் தட்டுங்கள். உடம்பு சரியில்லை என்று எழுதலாம். பாட்டியைச் சாகடிக்க வேண்டாம். போன செமஸ்டரிலேயே அவர் இறந்துவிட்டார், ஃபைலில் இருக்கிறது. மூன்று வரியில் பதில் வரும். மூன்றாவது வரி, கேட்டலாக்கின் லிங்க்.

குவார்ட்டர் முறைக் கல்லூரியில் படித்திருந்தால் இன்னொரு விருந்தும் உண்டு. 4 குவார்ட்டர் யூனிட் என்பது 2.67 செமஸ்டர் யூனிட். 3 யூனிட் கேட்கும் இடத்தில், பாஸ் செய்தவனுக்கே துண்டு விழும்.

கடைசி அஸ்திரம்: அந்தக் கல்லூரிப் பக்கமே போகாதவர்போல் இருந்துவிடுவது. எம்.டி. மருத்துவப் படிப்புக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸில் விண்ணப்பிக்கும்வரை இது நன்றாகவே ஓடும். பள்ளி முடித்தபின் சேர்ந்த கல்லூரி ஒவ்வொன்றின் டிரான்ஸ்கிரிப்டும் அங்கே வேண்டும். எல்லாக் கிரேடுகளையும் கூட்டி அவர்களே ஒரு ஜிபிஏ போடுவார்கள். சொந்தப் பல்கலைக்கழகம் வாசலில் நிறுத்திய 'சி மைனஸ்' அங்கே நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும். மறைத்து மாட்டினால் மோசடி விசாரணை தனி. மறுபடி படித்து 'ஏ' வாங்கினாலும் இரண்டும் கணக்கில் வரும். ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கான ஆகோமாஸ் ஒருகாலத்தில் பழையதை நீக்கிப் புதியதை வைத்துக்கொண்டது. 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் பிறந்திருக்கலாம் நீங்கள்.

ஆகவே அடுத்த கோடையில் பணம் கட்டுமுன் இரண்டு வேலை பாருங்கள். இந்தப் பாடம் செல்லுமா என்று சொந்தப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். 'டபிள்யூ' போட்டு விலகக் கடைசித் தேதி என்ன என்று காலண்டரில் குறியுங்கள். கோடை வகுப்பில் அது கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.