முகாமைப் பணிப்பாளர்

யாழ்ப்பாணத்துக் கல்யாணப் பேச்சுகளில் ஒரு காலம் டொக்டர், எஞ்சினியர், அப்புக்காத்து என்ற மூன்று பேருக்குத்தான் மதிப்பு. யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு நாலாவதாக ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். விசிற்றிங் கார்ட்டில் ‘முகாமைப் பணிப்பாளர்’ என்றிருக்கும். ஊரில் எம்டி என்றால்தான் விளங்கும்.

நான் சொல்லும் எம்டிக்குக் கறித்தூள் வியாபாரம். கொக்குவிலில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில், ஒரு மெஷின், மிளகாய் வறுக்க மூன்று பெண்கள், மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் போட ஒரு பெடியன். இவ்வளவுக்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் ‘உரிமையாளர்’ என்றுதான் போடலாம். சந்தியில் சைக்கிள் கடை வைத்திருப்பவரும் உரிமையாளர்தானே?

ஆகவே கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரேயொரு ஆள், தானே பங்குதாரராகவும் தானே பணிப்பாளராகவும் இருந்து ஒரு தனியார் கம்பனி தொடங்கலாம். எம்டிக்கு அது பிடிக்கவில்லை. பணிப்பாளர் சபை என்றால் சபை மாதிரி இருக்க வேண்டாமா? மனைவி, மாமி, ஸ்காபரோவில் இருக்கும் தம்பி, தான் என்று நால்வரைப் போட்டார். பங்கு மூலதனம் 1,000 ரூபாய். பெயர்ப்பலகைக்குப் போனது அதைப்போலப் பல மடங்கு. பலகையில் பெயரோடு ‘இன்ரர்நஷனல்’ என்றும் ஒரு சொல். தூள் போவது சுன்னாகத்திலிருந்து கொடிகாமம் வரை.

2018இலிருந்து கம்பனிப் பதிவெல்லாம் இணையத்தில் வந்துவிட்டது. படிவத்தை வீட்டிலிருந்தே அனுப்பலாம். எம்டி அதற்குப் பிறகும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் கம்பனிப் பதிவாளர் திணைக்களம் இருக்கும் ‘சமாகம் மெதுர’ கட்டடத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

கம்பனி உருவாகி 30 வேலை நாட்களுக்குள் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொன்னவற்றில் அவர் நேரத்துக்கு, அதுவும் சந்தோஷமாகச் செய்தது இது ஒன்றைத்தான். தமிழ்ப் பத்திரிகைத் துண்டு இப்போது பிளாஸ்டிக் உறையோடு, அப்பாவின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கம்பனி முத்திரை வேண்டுமென்று அந்தச் சட்டத்தில் கட்டாயமில்லை. ஆனால் எம்டியிடம் இரும்பில் வார்த்த அழுத்து முத்திரை ஒன்று இருக்கிறது. ஒரு கையால் தூக்க முடியாது. மூத்த மகளின் சாமத்தியவீட்டு அழைப்பிதழ் உறைகள் எல்லாம் அதால் அழுத்தப்பட்டே ஊருக்குப் போயின.

பெயர், பலகை, முத்திரை, படம் எல்லாம் சரி. இனிக் கம்பனி வருடா வருடம் உயிரோடிருக்க வேண்டுமே. அதுதான் எம்டிக்கு விளங்காத பகுதி.

ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு செயலாளர் இருக்க வேண்டும். எம்டியின் கம்பனிக்கு அண்மையில் அகப்பட்டவர் நகரில் ஒரு கணக்காய்வுக் கந்தோரில் வேலை செய்யும் இளம்பெண். பழைய கொப்பிகளைப் பாரமெடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கந்தோருக்கு, அதாவது வீட்டு முன் விறாந்தைக்கு, வந்தார்.

“சேர், இந்த வருசம் ஏஜிஎம் வைக்கேல்லை.”

“அது போன வருசம் வைச்சதுதானே பிள்ளை.”

“ஆண்டுப் பொதுக்கூட்டம் வருசா வருசம் வைக்கோணும் சேர். நிதியாண்டு முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ளை. முந்தின கூட்டத்திலையிருந்து பதினைஞ்சு மாசம் தாண்டவும் கூடாது.”

“சரி, வைப்பம். போன முறை எங்கை வைச்சனாங்கள்?”

“வைக்கேல்லை சேர். வைச்ச மாதிரிக் கொப்பியிலை இருக்கு.”

அந்தக் கொப்பியை நானும் பார்த்தேன். ஈழத்துப் புனைகதைகளைத் தொகுப்பவர்கள் யாராவது அதைக் கேட்டு வாங்க வேண்டும். மாலை 4.00 மணிக்குத் தலைவர் அனைவரையும் வரவேற்கிறார். கணக்கறிக்கையை மாமி முன்மொழிகிறார். மாமி அன்று சந்நிதியில் அன்னதானத்துக்கு நின்றவர். வழிமொழிகிறவர் தம்பி. ஸ்காபரோவில் அப்போது காலை ஆறரை. மனிதர் வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றிருப்பார். எதிர்காலத் திட்டங்கள் பற்றி ‘நீண்ட நேரம் காரசாரமாக’ ஆராயப்படுகிறது. 5.00 மணிக்கு நன்றியுரை, தேநீர் உபசாரம். அந்தத் தேநீரில்தான் எழுதியவரின் கைவண்ணம் தெரிகிறது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம், இந்தப் பொய் தேவையே இல்லை என்பது. கூட்டம் வைக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்குச் சட்டமே ஒரு நேர்மையான வழி விட்டிருக்கிறது. வாக்குரிமையுள்ள பங்குதாரரில் 85 சதவீதத்துக்குக் குறையாதவர்கள், அவர்களிடம் வாக்குகளும் அதே அளவுக்கு இருந்தால், தீர்மானத்தில் எழுத்தில் ஒப்பமிட்டாலே போதும். கூட்டத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் அந்தக் கடதாசியில் செய்து முடித்துவிட்டால் கூட்டம் கூட வேண்டியதில்லை. செயலாளர் இதையும் சொன்னார். “அது வடிவில்லைப் பிள்ளை” என்றார் எம்டி.

கூட்டம் முடிந்து 30 வேலை நாட்களுக்குள் ஆண்டு விவரத் திரட்டைப் படிவம் 15இல் கொடுக்க வேண்டும். “போன வருசத்தையான் இருக்குத்தானே, ஒண்டும் மாறேல்லை. அதையே போட்டோக்கொப்பி எடுத்து அனுப்பும்.” மாறியிருந்தது. மனைவி கோபத்தில் பணிப்பாளர் பதவியை விட்டு எட்டு மாதம். அந்த மாற்றத்தை 20 வேலை நாட்களுக்குள் படிவம் 20இல் அறிவித்திருக்க வேண்டும். “அவ திரும்பி வந்திடுவா” என்றார்.

1896இல் லண்டனில் சலமன் என்ற சப்பாத்து வியாபாரியின் வழக்கில் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புச் சொன்னது. சலமனின் மனைவிக்கும் மகளுக்கும் நாலு மகன்மாருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, மிச்சம் இருபதாயிரத்துச் சொச்சமும் அவருக்கே. ஆனாலும் கம்பனி வேறு, சலமன் வேறு என்றது தீர்ப்பு. கம்பனியின் கடன் சலமனின் கடன் ஆகாது. எம்டிக்கு இந்தப் பாதி மனப்பாடம். கம்பனியின் காசும் சலமனின் காசு ஆகாது என்ற மற்றப் பாதியைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சாமத்தியவீட்டுச் செலவு கம்பனி லாச்சிக்குள்ளிருந்து போனது. கோயில் பத்தாம் திருவிழா உபயம் ‘விளம்பரச் செலவு’. பங்கிலாபம் பிரிப்பதென்றால் கம்பனிக்குக் கடன் தீர்க்கும் வல்லமை உண்டா என்று பார்த்து, ஓடிற்றரிடம் சான்றும் வாங்க வேண்டும். எம்டி பங்கிலாபம் பிரிப்பதில்லை. எடுப்பதோடு சரி.

மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கு நவம்பர் 30இற்குள் வருமான வரி விவரம் கொடுக்க வேண்டும். எட்டு மாதம் இருக்கிறது. எம்டி நவம்பர் கடைசிக் கிழமையில் ஒரு சொப்பிங் பை நிறையப் பில்லுகளோடு ஓடிற்றரிடம் போவார். பாதிப் பில்லில் மிளகாய்த்தூள் படிந்து எழுத்துத் தெரியாது. தும்மித் தும்மித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அவர் கேட்பது மூன்று கணக்கு. வரிக்கு நட்டம் காட்டுகிற ஒன்று. வங்கிக்கு லாபம் காட்டுகிற ஒன்று. போட்ட காசைத் திருப்பிக் கேட்கும் தம்பிக்கு, லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று காட்டுகிற ஒன்று. ஓடிற்றர் ஒரு கணக்குத்தான் செய்வேன் என்றதால் போன வருடம் ஓடிற்றரை மாற்றினார்.

ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3. “பெடியன் என்ர பெறாமகன். சொந்தத்துக்குள்ளை ஈபிஎஃப் கட்டினால் சனம் என்ன சொல்லும்?” வறுக்கிற பெண்கள் மூவரும் சொந்தமில்லை. அவர்களுக்கு வேறு காரணம் சொன்னார். அதை எழுதினால் இது நகைச்சுவைக் கட்டுரையாக இராது.

இத்தனைக்கும் நடுவில் அவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது ‘லிமிற்றெட்’ என்ற நம்பிக்கையில். என்ன நடந்தாலும் தன் பொறுப்பு 1,000 ரூபாயோடு சரி. மெஷின் வாங்கக் கடன் கேட்டபோது வங்கி மனேஜர் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பணிப்பாளர் நால்வரையும் தனிப்பட்ட பிணை நிற்கச் சொன்னார். கூடவே வீட்டு உறுதியையும் கேட்டார். வீடு மனைவியின் சீதனம். பத்திரத்தோடு போன கடதாசிக் கட்டில் மாமியும் கையெழுத்து வைத்தார், கோயில் நன்கொடைப் பற்றுச்சீட்டு என்று நினைத்து.

எம்டி நல்ல மனிதர். தூளும் நல்ல தூள். அதனால்தான் சொல்கிறேன்: அடுத்த முறை அவர் வெற்றிலைத் தட்டத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்து, “சும்மா பேருக்குத்தான், டிரெக்டராப் போடப்போறன்” என்று ஒரு தாளை நீட்டினால், அது படிவம் 18. பணிப்பாளராக இருக்கச் சம்மதம் என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் தாள். வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். மாமிக்குத் தான் ஒரு பணிப்பாளர் என்பது வங்கியிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் தெரியும்.