மலையோடிக்கு ஈவன யாவை: ஒரு முன்னோட்ட ஆய்வு

1. நூன்முகம்

என் தம்பிக்கு 40 வயது நிறைகிறது. ஐந்தாண்டுகளாக மலையிலும் காட்டிலும் ஓடுகிறான். துரத்துவார் எவரும் இலர். அவனுக்கு என்ன பரிசு கொடுப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். “அவரையே கேட்டுட்டா என்ன?” என்றாள் என் மனைவி. கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு விசாரிப்பு என்று பெயர், அது ஆய்வாகாது. எனவே அவ்வழி தொடக்கத்திலேயே விலக்கப்பட்டது.

ஆய்வு எல்லை: எங்கள் சமையலறை முதல் கொல்லிமலை வரை. ஆல்ப்ஸ் மலை, தேவைப்படும் இடத்தில் மட்டும்.

2. சொல்லாராய்ச்சி

தார்ச்சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் ஓடுவது டிரெயில் ஓட்டம். ‘டிரெயில்’ என்பது ‘தரையில்’ என்பதன் திரிபு. சிறு பிள்ளைக்கும் விளங்கும். ‘மாரத்தான்’ என்பது ‘மரத்தான்’, அதாவது மரங்களுக்கிடையே ஓடுபவன். கிரேக்கத்தில் மாரத்தான் என்றே ஓர் ஊர் இருக்கிறதே என்பார்க்கு, அங்கும் மரம் இருந்திருக்கும் என்பதே விடை. நாற்காலியை விட்டு எழாமலே உலக மொழிகள் அனைத்தையும் வென்றெடுத்த அறிஞர் பெருமக்களுக்கு இவ்வியல் காணிக்கை.

இனி, கொடை. தொல்காப்பியம் கேட்போனுக்கு மூன்று சொல் தருகிறது: தாழ்ந்தவன் ‘ஈ’ என்பான், ஒத்தவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். மலையோடியோ “எதுக்குண்ணே இதெல்லாம்” என்பான். இது நான்காம் வகை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடக்கும் பார்க்லி ஓட்டத்தில் நிலைமை தலைகீழ்: நடத்துபவர்தான் கேட்கிறார். நுழைவுக் கட்டணம் 1.60 டாலர், முதன்முறை வருபவர் தம் ஊர்க் கார் நம்பர் பிளேட் ஒன்றையும் கொண்டுவர வேண்டும். இது ஈயா, தாவா, கொடுவா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர். மாறுபடாவிட்டால் அவர்கள் உரையாசிரியர்கள் அல்லர்.

3. முன்னோர் கொள்கைகள்

மலைக்கும் பரிசுக்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதிதன்று. கடையெழு வள்ளல்களில் பாரி பறம்பு மலைக்காரன். ஓரி கொல்லிமலைக்கே உரியவன். பேகன் பழனி மலைப் பக்கத்தான். பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். இருவரும் வாங்குகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முல்லைக்கு ஒரு குச்சி நட்டிருந்தால் போதும். மயில் அந்தப் போர்வையை என்ன செய்தது என்று எந்தப் புலவரும் திரும்பிப் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதியமான் மட்டும் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். எடை இல்லை, சட்டைப் பையில் அடங்கும், வாயில் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தால் தண்ணீரும் இனிக்கும். ஆகவே பரிசுகள் இருவகைப்படும்: தேர்க் கொள்கை, நெல்லிக் கொள்கை. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் தேர்.

4. வகைப்பாடு

அ. ஷூ. மணிக்கணக்கில் ஓடினால் பாதம் வீங்கும். இறக்கத்தில் கால் முன்னே சறுக்கிப் போய் முட்டும். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடாவிட்டால் நகம் கறுத்து உதிர்ந்துபோகும். ஆகவே ஓடுபவன் காலில்லாமல் ஷூ வாங்குவது, வாய் பார்க்காமல் பல்செட் வாங்குவது போன்றது. மேலும், 1993-இல் கொலராடோவின் லெட்வில் 100 மைல் ஓட்டத்தில் முதலில் வந்தவர் மெக்சிகோவின் தாராஹுமாரா இனத்தைச் சேர்ந்த விக்டோரியானோ சுர்ரோ. வயது 55. காலில் டயர் செருப்பு. நம் ஊர்ச் சந்தையில் பழைய லாரி டயரை அறுத்துத் தைத்துத் தருவார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி.

ஆ. காலுறை. விரல் விரலாகப் பிரித்ததும் உண்டு. பத்தையும் நுழைத்து முடிப்பதற்குள் பொழுது விடியும்.

இ. கடிகாரம். விலை கேட்டபின் இவ்வகை நீக்கப்பட்டது.

ஈ. தண்ணீர்ப்பை. டெக்சாஸ் வெயிலில் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்தில், ஆம்புலன்ஸ் பணியாளர் ஒருவர் குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு காலுறைக்குள் திணித்து, முதுகில் கட்டி, குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஓட்டினார். இன்று முதுகில் மாட்டி உறிஞ்சும் பைகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன். பயனுள்ள பரிசு, ஆனால் குழாயின் உட்புறம் கழுவுவது யார் என்பதைக் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும்.

உ. தலைவிளக்கு. விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் பெண்கள் நெற்றியில் மாட்டிக்கொள்வதுதான். எனவே கண்டுபிடிப்பு நம்முடையது என எழுத விரல் துடிக்கிறது. 2-ஆம் இயலில் வேண்டிய அளவு செய்தாயிற்று. கையை வீசி ஓடவும், காலடிக் கல்லைப் பார்க்கவும் இதைவிட உதவுவது இல்லை. மாற்று பேட்டரியோடு கொடுக்க. சோதனைக்காக வாங்கிய ஒன்று தற்போது கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் விழுந்த கரண்டியைத் தேடும் பணியில் இருக்கிறது.

ஊ. வெள்ளிப் போர்வை. நாசா ஆய்வில் பிறந்த பொருள்; அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக், உடல் வெப்பத்தை உடலுக்கே திருப்பி அனுப்பும். மடித்தால் கைக்குட்டை. மோன்பிளாங் மலையைச் சுற்றி மூன்று நாடுகள் வழியாக ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடும், 2003 முதல் நடக்கும் யூ.டி.எம்.பி. போட்டியில் இது கட்டாயம், அளவும் 1.40 மீட்டருக்கு 2 மீட்டர் என்று வரையறுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பிரதியை நான் பிரித்துக் காட்டியதும் அம்மா தொட்டுப் பார்த்து, “சரிகை கணக்கா இருக்குடா” என்றாள். இப்போது அது கொலுப்படிக்குப் பின்திரை. மூன்றாம் படியில் ஒரு மண் மயில் நிற்கிறது. பேகன் கதை முற்றும்.

எ. தீனி. ஒரு ஜெல் பாக்கெட்டில் இருப்பது 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய். 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றாயிற்று. உடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு: லிட்டருக்கு 20.5 கிராம், இதில் உப்பு மட்டும் 2.6. நெல்லிக் கொள்கைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

5. விசில்

மேற்படி யூ.டி.எம்.பி. பட்டியலில் விசிலும் ஒன்று. விரல் நீளப் பொருள், பத்து ரூபாய்க்குத் திருவிழாவில் கிடைக்கும். ஒரு வரியில் முடிக்க எண்ணினேன். ஆராய ஆராய ஆழம் தெரிந்தது.

ஆல்ப்ஸ் மரபில், ஆபத்தில் இருப்பவன் ஒரு நிமிடத்துக்கு ஆறு விசில் அடிக்க வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் ஆறு. கேட்டவன் நிமிடத்துக்கு மூன்று விசில் பதில் தர வேண்டும். ஐரோப்பியர்க்கு இது தெளிவு. தமிழ்க் காதுக்கு?

மூன்று விசில் என்றால் சோறு வெந்தது (அம்மா, வாய்மொழி). ஆறு விசில் என்றால் கொண்டைக்கடலை (அத்தை, கூடத்து உரையாடல், மின்தடை நேரம்). ஆக, பள்ளத்தில் விழுந்தவன் கொண்டைக்கடலை என்று கூவுகிறான். மேலேயிருப்பவன் சோறு என்று விடை தருகிறான். உணவு முழுமை பெறுகிறது. ஆள் பள்ளத்திலேயே கிடக்கிறான்.

பாடபேதமும் உண்டு. “கடலைக்கு நாலு போதும், அப்புறம் சிம்மில் பத்து நிமிஷம்” என்பது பிறிதொரு பாடம் (பால் கணக்கு நோட்டு, பின்னட்டை உட்புறம், எண்ணெய்க் கறைக்குக் கிழக்கே, பென்சில் குறிப்பு). இதை வன்மையாக மறுப்பவர் எதிர்வீட்டு மாமி (‘ஊறாத கடலை: ஒரு மறுப்பு’, மாடிப்படிப் பேருரை, மூன்றாம் படி முதல் ஏழாம் படி வரை, கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தமையால் எட்டாம் படி கிடைக்கவில்லை). கிடைக்காத எட்டாம் படியில்தான் உண்மை இருந்தது என்று இனி ஒருவர் முனைவர் பட்டம் வாங்குவார். அப்படி ஒன்று இல்லவே இல்லை, அந்த மாடிக்கு ஏழே படி என்று இன்னொருவர் வாங்குவார். படியை எண்ண இருவரும் வரமாட்டார்கள்.

மூன்றாவது ஒரு மரபும் உளது. பேருந்து நடத்துநர் ஒரு விசில் அடித்தால் நிற்க, இரண்டு அடித்தால் போக. இதன்படி ஆறு விசில் என்பது ‘போ, போ, போ’. உதவி கேட்டவனை விட்டுவிட்டு ஓடுமாறு அவனே மும்முறை கட்டளையிடுகிறான். விசிலைக் கேட்டவன் பதிலாகத் தரும் மூன்று விசிலோ ‘போ, நில்’ எனப் பொருள்பட்டு, அவனுக்கே குழப்பம் விளைக்கும். ஆகவே தமிழ் மலையோடிக்கு விசில் பரிசளிப்போர், அதனுடன் ஓர் உரைநூலும் சேர்த்துத் தருதல் நலம். உரைநூல் எழுதத் தொடங்கினேன். நாற்பது பக்கம் வந்தது.

6. களஆய்வு

தம்பி பிறந்தநாளன்று கொல்லிமலையிலிருந்து புளியஞ்சோலைக்குக் காட்டுப்பாதையில் ஓடி இறங்குவதாகச் சொன்னான். வேறு வழியில்லாமல், விலக்கப்பட்ட முறையை ஒருமுறை கையாண்டேன்.

“உனக்கு என்னடா வேணும்?”

“ஒண்ணும் வேணாம்ணே. சாயங்காலம் கீழ வண்டியோட வந்து நில்லுங்க. வரும்போது என்னோட ரப்பர் செருப்பை எடுத்துட்டு வாங்க. அது போதும்.”

சான்றுவலு குறைந்த தரவு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

மாலை ஐந்தரைக்கு அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மரத்துக்குள்ளிருந்து விசில் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. கடைக்கார அம்மா பேசிக்கொண்டே கையை நீட்டி அடுப்பை அணைத்தார். அடுப்பில் இருந்தது பால். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டிருக்கையில் தம்பி வந்து எதிரே பெஞ்சில் சாய்ந்தான். முழங்காலில் சேறு, கணுக்காலில் சிராய்ப்பு. குனிந்து நாடாவை அவிழ்த்து ஷூவைக் கழற்றினான். வீங்கிய பாதம், ஒரு நகம் கறுப்பு. பாதத்தைத் தரையில் வைக்காமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கேட்டான்:

“செருப்பு எங்கண்ணே?”

பையைத் திறந்தேன். நாற்பது பக்க உரைநூல் பத்திரமாக இருந்தது.