மடித்துப் பிரித்தல்: காகிதக் கலையில் தேர்ச்சியை அளப்பது குறித்து ஓர் ஆய்வு

காகிதம் மடிப்போரின் தேர்ச்சியை அளக்க உலகம் இதுவரை படிகளை எண்ணி வந்திருக்கிறது. கப்பல் சில படிகளில் முடிந்துவிடுகிறது, ஆகவே எளிது. கொம்பும் ஆறு கால்களும் உள்ள வண்டு நூறு படிகளைத் தாண்டுகிறது, ஆகவே அரிது என்பது வழக்கு. இந்த அளவுகோல் பிழையானது. ஒருவர் எத்தனை மடிப்புகளைப் போட்ட கையோடு பிரிக்கிறார் என்பதே சரியான அளவு என்பது இவ்வாய்வின் துணிபு. மழைநாள் கப்பலைப் பாருங்கள். தாளைப் பாதியாக்கி, இரு மூலைகளையும் கண்ணளவில் நடுவுக்குக் கொண்டுவந்து, ஓரத்தை மேலேற்றிக்கொண்டே போகலாம். போட்ட மடிப்பு எதையும் திரும்பப் பெற வேண்டியதில்லை. ராக்கெட்டுக்கோ முதல் வேலையே தாளை நீளவாக்கில் மடித்துப் பிரிப்பதுதான். அந்த நடுக்கோடு இல்லாவிட்டால் மூக்கு கோணிக்கொள்ளும். எனவே ராக்கெட் கப்பலைவிட ஒரு படி உயர்ந்தது. கடைசி பெஞ்சுக்காரர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள், ஆய்வுலகம்தான் தாமதித்துவிட்டது.

அடுத்தது ஜப்பானியரின் கொக்கு. சதுரத் தாளில் மூலைவிட்டம் இரண்டு, நடுக்கோடு இரண்டு போட்டு, நான்கையும் பிரித்த பிறகே அடித்தளத்தைக் குவிக்கிறோம். பின்பு முன்பக்கம் மூன்று, பின்பக்கம் மூன்று மடித்து, அவற்றையும் பிரித்தால்தான் இதழ் விரிகிறது. கழுத்தும் வாலும் முளைக்குமுன்பே பத்து மடிப்புகள் பிரிந்தாகிவிட்டன. அகிரா யோஷிசாவா 1954இல் வெளியிட்ட நூலின் அம்புகளிலிருந்து வளர்ந்து இன்று உலகெங்கும் வழங்கும் குறியீட்டில், மடித்துப் பிரிப்பதற்கென்றே போய்த் திரும்பும் அம்பு ஒன்று இருக்கிறது. எளிய உருவங்களின் படங்களில் அது எப்போதாவது தலைகாட்டும். வண்டையும் தேளையும் விளக்கும் பக்கங்களில் விடாமல் வரும். நம் தரப்பின் மூத்த சாட்சியோ சென்னைக்காரர். 1893இல் இங்கே அச்சான டி. சுந்தர ராவின் காகித மடிப்பு வடிவியல் நூலில் கப்பலும் இல்லை, கொக்கும் இல்லை. அவர் தாளை மடிக்கிறார், பிரிக்கிறார், எஞ்சிய கோட்டைக் கொண்டு ஐங்கோணத்திலிருந்து பரவளையம்வரை போகிறார். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அந்நூலைக் குறிப்பிட்டு எழுதினார். 1901இல் அது சிகாகோவில் மறுபதிப்பும் கண்டது. ஒரு பொம்மைகூட மிஞ்சாத மடிப்புக்குக் கிடைத்த மரியாதை இது.

கப்பலையும் நடுவில் இரண்டு முறை திறக்கிறோமே எனின், அது பையின் வாயைத் திறப்பது. அங்கே கோடு பெறுவதற்காக எந்த மடிப்பையும் பிரிப்பதில்லை. அற்றேல், ஒரு தாளைக் கசக்கிப் பிரிப்பவனே தலைசிறந்த கலைஞனாகிவிடுவானே எனின், ஆகான். பிரித்த கோடு ஒவ்வொன்றும் பிற்பாடு வேலைக்கு வந்தாக வேண்டும். தட்டையாக மடியும் உருவத்தைப் பிரித்தால், தாளின் உட்புறத்தில் கோடுகள் கூடும் எந்தப் புள்ளியிலும் மலை மடிப்புக்கும் பள்ள மடிப்புக்கும் எண்ணிக்கையில் வித்தியாசம் இரண்டே இருக்கும். ஜுன் மாயெகாவாவின் பெயரால் வழங்கும் தேற்றம் இது. கசக்கியவன் இப்படிக் கணக்குக் காட்ட மாட்டான். மூன்றாவது மறுப்பு கடுமையானது. யோஷிசாவா தடித்த தாளை ஈரமாக்கி, மிகச் சில மடிப்புகளிலேயே விலங்கின் வளைவைக் கொண்டுவந்தார். அதைச் செய்வது எளிதே அல்ல. இதற்கு நம்மிடம் விடை இல்லாததால், ஆய்வு மரபுப்படி அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

கொக்கிலிருந்து நேராக வண்டுக்குத் தாவுகிறவர் தோற்பது விரல் தடிமனால் அல்ல, பிரித்த கோட்டைத் திரும்ப அழைக்கப் பழகாததால்தான். இடையில் தவளையில் சில நாள் தங்குவது நல்லது. அதில் நான்கு பக்கமும் மடித்துப் பிரிக்க வேண்டியிருக்கும். அதற்கும் மேலே கட்டத் தாள். ஒரு பக்கத்தை 32 பாகமாக்க 31 கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக 62. அத்தனையும் போட்டு, அத்தனையும் பிரித்து முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும், கையில் பழைய சதுரத் தாளே இருக்கும். உச்சிக்குப் போனால் படிப்படியான விளக்கமே கிடையாது. இயற்பியலாளர் ராபர்ட் லேங் எழுதிய ட்ரீமேக்கர் என்ற கணினி நிரல், குச்சி உருவம் ஒன்றை வரைந்து கொடுத்தால், பிரித்து விரித்த தாளின் கோட்டுப் படத்தை மட்டுமே தருகிறது. மீதியை மடிப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே வீட்டிலிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: மேசைமேல் கோடு கோடாகக் கிடக்கும் வெறுந்தாள் உயர்நிலைப் பணியாக இருக்கக்கூடும், பால் கணக்கு எழுத வேறு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.