முன்சில்லுக்காரர்

விடியற்காலை ஐந்தரைக்குக் கண்ணாடி சுரண்டும் சத்தம் கேட்டால், இரவு சினோ கொட்டியிருக்கிறது என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்லிவிடலாம். (பனி என்று எழுதலாம்தான். ஆனால் எங்களுக்குப் பனி என்பது மார்கழியில் திருவெம்பாவைக்கு எழும்பும்போது புல்லில் கிடப்பது. காரை மூடி மறைக்கிற சாமானுக்கு வேறு சொல் வேண்டியிருந்தது.) ஸ்காபரோவில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் எழும்பிச் சுரண்டுகிறவர் ஒருவர்தான். எங்கள் தெரு என்றேனே தவிர, மார்க்கம் வீதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்தத் தெருவில் பார்த்தாலும் அப்படி ஒருவர் இருப்பார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். காதை மூடிய கம்பளித் தொப்பி. கார் மிகச் சின்னது. பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப் வண்டிப் பெட்டிக்குள் தூக்கி வைத்துவிடலாம் போலிருக்கும். நேரே பார்த்தால் அண்ணை என்போம். அவர் அந்தப் பக்கம் போனபிறகு முன்சில்லுக்காரர்.

அந்தப் பெயர் அவருடைய வேதத்தால் வந்தது. கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது யாராவது வாய் தவறி, 'இந்த வின்ரருக்கு ஒரு ஜீப் எடுப்பமோ எண்டு யோசிக்கிறன்' என்று சொல்லவேண்டும். அண்ணை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிடுவார்.

"தம்பி, எஞ்சின் எங்கை இருக்கு?"

"முன்னாலை."

"கியர்ப்பெட்டி?"

"அதுவும் முன்னாலைதான்."

"இழுக்கிற சில்லு?"

"முன்னாலை அண்ணை."

"பிறகென்ன?"

இந்தப் 'பிறகென்ன'வுக்குப் பதில் சொன்னவரை நான் இன்னும் காணவில்லை. அவர் சொல்வதிலும் பிழை இல்லை. இந்தச் சின்னக் கார்கள் 1,000 கிலோவுக்குக் கொஞ்சம் மேலோ கீழோ இருக்கும். அதில் ஏறக்குறைய 60 வீதம் முன்சில்லுகளின் தலையில்தான். இழுக்கிற சில்லின்மேல் பாரம் இருந்தால் அது வழுக்காமல் கவ்வும். ரயரும் ஒடுக்கம் என்பதால் சினோவுக்கு மேலே மிதக்காமல் வெட்டிக்கொண்டு கீழே இறங்கி, தாரைத் தேடிப் பிடிக்கும். அகன்ற ரயர் போட்ட பெரிய வாகனக்காரருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். அண்ணை அதற்காகவே சொல்வார்.

அவருடைய தகுதிப் பத்திரம் 1999 ஜனவரி. ஒன்றன்மேல் ஒன்றாகச் சினோ கொட்டிய அந்த மாதத்தில் ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். கனடாவின் மற்ற ஊர்க்காரர்கள் அதைச் சொல்லி ரொறன்ரோக்காரரை இன்றைக்கும் நக்கலடிப்பார்கள். அண்ணைக்கோ அது பொற்காலம்.

"ஊரிலை ஆமி வாறான் எண்டால் பின்வேலியாலை பாயிறதுதான் எங்களுக்குத் தெரியும். இஞ்சை ஆமிக்காரன் சவளோடை வந்து வழி விட்டவன். நான் கையைக் காட்டிப்போட்டு வேலைக்குப் போனனான்!"

ஒவ்வொரு வருடமும் இந்தக் கதையில் சினோ அரையடி கூடிக்கொண்டு வருகிறது. போன முறை கேட்டபோது யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது.

ஞானம் அவருக்கு ஒரே நாளில் வந்ததல்ல என்பது அவர் மனைவிக்குத்தான், எங்களுக்கு அக்கா, தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணை பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு நீளமான பழைய அமெரிக்கக் காரில். அது பின்சில்லால் ஓடுவது. அந்தச் சில்லுக்குப் பாரம் போதாது என்று மாரி தொடங்கியதும் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றுவார்கள். கார் மாறியது, பழக்கம் மாறவில்லை. மணலுக்குக் காசு கொடுக்க மனம் வராமல், எப்படியும் வீட்டுக்குத் தேவையானதுதானே என்று 40 இறாத்தல் புழுங்கலரிசியைத் தூக்கிச் சின்னக் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு ஓடித் திரிந்தார். கிணற்றுத் துலாவின் அடியில் கல்லைக் கட்டினால் நுனி மேலே எழும்பும். அதுபோல, பின்சில்லுக்கும் பின்னால் பாரம் வைத்தால் முன்பக்கம் இலேசாகும்; இழுக்கிற சில்லு பிடியை விடும். மகன் பௌதிகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினான். அண்ணை கேட்கவில்லை. ஒரு பின்னேரம் போன் வந்தது.

"இஞ்சருங்கோ, உலை கொதிக்குது. அரிசி எங்கை?"

அரிசி அப்போது ஃபின்ச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தது. அன்றிரவே மூட்டை டிக்கியிலிருந்து இறங்கியது. இப்போது கேட்டால், "முன்சில்லுக் காருக்குப் பின்னாலை பாரம் ஏத்தக்கூடாது தம்பி. அது விஞ்ஞானம்" என்பார்.

ரயர் விஷயம் இதைவிட மோசம். வின்ரர் ரயர் வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் இரண்டுதான் வாங்கினார். கேட்டதற்கு அவர் சொன்ன நியாயத்தை எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளும் சொல்லுவார்கள்:

"முன்சில்லுதானே இழுக்குது? பின்சில்லு சும்மா வருகுது. சும்மா வாறவனுக்கு ஏன் புதுச் செருப்பு?"

சும்மா வந்தவன் ஒரு நாள் வளைவில் அவரை முந்தப் பார்த்தான். திரும்பும்போது அண்ணை திடுக்கிட்டுக் காலை எடுத்தார். பாரம் முழுக்க முன்னுக்குப் போக, முன்சில்லு தரையைப் பிடித்துக்கொண்டது. பிடி இல்லாத பின்பக்கம் சுழன்று வந்தது. கார் அரைவட்டம் அடித்து வந்த வழியையே பார்த்து நின்றது. எதிரே வாகனம் வராதது அக்காவின் வெள்ளிக்கிழமை விரதத்தின் பலன். அண்ணை திரும்பி நின்ற திசையிலேயே வீட்டுக்குப் போய், அன்று லீவு போட்டுவிட்டுப் படுத்தார். அடுத்த கிழமை மற்ற இரண்டு ரயரும் வந்தன.

அதன்பிறகு அவர் ரயர் பிரசாரகர். 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகிவிடும், வின்ரர் ரயர் இளக்கமாகவே இருக்கும் என்று தொடங்குவார். குந்தியிருந்து, ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த அடையாளத்தை விரலால் தடவிக் காட்டுவார். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டம். ஒன்ராறியோவில் நம் இஷ்டம். ஆனால் 2016இலிருந்து இங்கே வின்ரர் ரயர் போட்டால் காப்புறுதியில் கழிவு கொடுக்கவேண்டும் என்று வந்தது. பாதுகாப்பைச் சொல்லி மசியாத தமிழனும் கழிவு என்றதும் காது கொடுப்பான் என்பது அண்ணையின் அனுபவம்.

ஒருமுறை என் கார் கிளம்ப மறுத்த காலையில் அவரோடு வேலைக்குப் போனேன். ஏறியதும் அவர் செய்த முதல் வேலை பூட்ஸைக் கழற்றியது. இருக்கைக்குக் கீழிருந்து ஒரு பழைய தோல் சப்பாத்து வந்தது. அடி தேய்ந்து அப்பளம் மாதிரி.

"பூட்ஸோடை மிதிச்சால் கார் என்ன சொல்லுது எண்டு காலுக்குக் கேளாது. நித்திரையான பிள்ளையைப் பாயிலை வளத்துற மாதிரிக் காலை வைக்கவேணும்."

முதல் கியரைத் தொடவே இல்லை. இரண்டாவதில் மெல்ல எடுத்தார். முதல் கியரின் இழுவைக்குச் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றுமாம். வளைவு வருமுன்பே நேரான பாதையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, "ஏ... ஏ... மெல்ல மெல்ல" என்று வண்டில் மாட்டோடு கதைப்பதுபோலக் கதைத்தார். ஒரு திருப்பத்தில் ஸ்ரியரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போயிற்று. என் கால் இல்லாத பிறேக்கைத் தேடி மிதித்தது. அண்ணை இன்னும் ஒடிக்கவில்லை. கொஞ்சம் நிமிர்த்தினார், சில்லு பிடித்தது, பிறகு திருப்பினார்.

"கூட ஒடிச்சால் சில்லு சறுக்கிக்கொண்டே போகும். கேக்கிறதைக் குறைச்சுக் கேட்டால் தரும்."

முன்னால் போகும் காருக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு சாமி ஊர்வலம் போகலாம், அவ்வளவு இடைவெளி. அதைக் கண்டவர்களெல்லாம் வந்து அதற்குள் நுழைந்தார்கள். ஒவ்வொருவருக்காகவும் அண்ணை இன்னும் பின்வாங்கினார். இப்படியே விட்டுக்கொடுத்தால் வேலைக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பிவிடுவோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. 401 நெடுஞ்சாலையில் ஒரு பெரிய ட்ரக் கடந்தபோது கார் முழுதும் நடுங்கி, கண்ணாடியில் ஒரு வாளி உப்புச்சேறு வந்து விழுந்தது. அண்ணை நீலத் திரவத்தைப் பீச்சியடித்துத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

கரைப் பள்ளத்தில் ஒரு பெரிய ஜீப் மூக்கைக் குத்திக் கிடந்தது. ஓட்டி வந்தவர் பக்கத்தில் நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தார். அண்ணை சிரிக்கவில்லை. செத்த வீட்டைக் கடக்கும் முகத்தோடு கடந்தார். அடுத்த பாலம் தாண்டியபிறகுதான் வாய் திறந்தார்.

"உவைக்கு நாலு சில்லும் இழுக்கும், ஓம். நிப்பாட்டுறதுக்கு எல்லாருக்கும் நாலு சில்லுதான்."

அவருடைய கர்வத்துக்கு ஒரே எதிரி வரம்பு. நகரசபை வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு திட்டி விட்டுப் போகும். வயல் வரம்பைப் பார்த்து வளர்ந்த அண்ணைக்கு அதற்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. இரவில் உறைந்துவிட்டால் அது கல். ஒரு காலை பின்னுக்கு எடுக்கும்போது காரின் வயிறு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பாரம் வயிற்றில் நின்றால் 60 வீதம் எங்கே போவது? முன்சில்லுகள் அந்தரத்தில் சுற்றின. அண்ணை ரப்பர் விரிப்பைச் சில்லுக்கு அடியில் திணித்து, என்னை முன்னால் நின்று தள்ளச் சொல்லிவிட்டு மிதித்தார். விரிப்பு சீறி வந்து என் முழங்காலில் அறைந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பிக்கப்காரர் பேசாமல் வந்து, பேசாமல் கட்டி, ஒரே இழுவையில் எடுத்துவிட்டுப் போனார். அண்ணை கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல கயிறு" என்றார்.

போன பெப்ரவரியில் ஒரு அரங்கேற்றம். மண்டபம் ஒரு ஏற்றத்தின் மேல். பின்னேரம் பெய்தது உறைந்து பாதை கண்ணாடியாகிவிட்டது. அடிவாரத்தில் பட்டுச் சேலைகளும் கோட்டுச் சூட்டுகளும் நிறைந்த கார்கள் சில்லைச் சுற்றிக்கொண்டு நின்றன. அண்ணையும் இரண்டு தரம் ஏறிப் பார்த்து, பாதியில் சறுக்கிக் கீழே வந்தார். பின்னால் அக்கா, மடியில் பரிசுப் பெட்டி. பக்கத்தில் நான். ஒரு வார்த்தை பேசாமல் அண்ணை காரைத் திருப்பினார். வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். ரிவர்ஸ் போட்டார்.

ஏற்றத்தில் நேரே ஏறும்போது பாரம் பின்னுக்குச் சரிந்து முன்சில்லு இலேசாகிவிடும். பின்பக்கமாக ஏறினால் இழுக்கிற சில்லு தாழ்ந்த பக்கத்தில். சரிகிற பாரமெல்லாம் அதன்மேல்தான். அண்ணை கழுத்தை முழுக்கத் திருப்பி அக்காவின் தோளுக்கு மேலால் பார்த்தபடி, அந்தத் தேய்ந்த சப்பாத்தால் மெல்ல அமத்த, கார் நண்டு மாதிரி நெளிந்து நெளிந்து ஏறியது. கீழே நின்ற பெரிய வாகனங்களின் வெளிச்சமெல்லாம் எங்கள் முகத்தில். ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போயின.

மண்டப வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பையன், பின்பக்கத்தைக் காட்டியபடி வந்து நின்ற காரைக் கண்டு குழம்பிப்போனான்.

"அண்ணை, வாறியளோ, போறியளோ?"

அண்ணைக்கு மூச்சு வாங்கியது, பதில் சொல்லவில்லை. அக்கா கதவைத் திறந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூட்ஸ் காலை ஐஸில் ஊன்றினாள்.

"நான் வாறன் தம்பி. உவரைக் கேட்டால் எஞ்சின் எங்கை இருக்கெண்டு கேப்பார்."