சிறுநீரக ஏமாற்றம்

போன வாரம் ஒரு கல்லூரி ஆசிரியர் நண்பர் தன் செல்போனை என் கையில் திணித்து, "இதைப் படிங்க, காப்பி என் செலவு" என்றார். வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரம். மேலே பச்சை டிக், கீழே ராக்கெட். ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள பத்திரிகை, ஏற்பு உறுதி. கட்டுரை எழுதியாகிவிட்டது, பத்திரிகையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. எழுதியவர்கள்தான் இன்னும் கிடைக்கவில்லை. முதல் பெயருக்கு ஒரு விலை, இரண்டாவதற்கு அதைவிடக் குறைவு, ஐந்தாவது பெயர் தள்ளுபடியில். ஆம்னி பஸ்ஸில் ஜன்னலோரம், நடு சீட்டு, கடைசி வரிசை என்று விற்பார்களே, அதே கணக்கு. தலைப்பு, எந்திரக் கற்றலைக் கொண்டு ஏதோ ஒரு நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. நண்பர் பாடம் எடுப்பது சிவில் இன்ஜினியரிங்.

"நீங்க சிமென்ட் ஆளாச்சே?" என்றேன்.

"இன்கிரிமென்ட்டுக்குப் பாயின்ட் வேணுமே சார். பாயின்டுக்கு சிமென்ட் என்ன, சிறுநீரகம் என்ன."

இதை நம் ஊர்க் குடிசைத் தொழில் என்று நினைத்து யாரும் கூச்சப்பட வேண்டாம். இது உலகத் தொழில். வெளிநாட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் காகித ஆலை. மரம் வேண்டாம், கூழ் வேண்டாம், சோதனைக்கூடம் வேண்டவே வேண்டாம். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 10,000க்கும் அதிகமான ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் 8,000க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் சரக்கு. அந்தக் கடையை வைலி நிறுவனம் 2021இல் ஏறக்குறைய 30 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. மூட்டையைப் பிரித்த பிறகுதான் அரிசியில் கல் தெரிந்தது. கல்லைப் பொறுக்கி முடியாமல் கடைசியில் பெயர்ப் பலகையையே கழற்றிவிட்டார்கள். 2025இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் போட்ட கணக்கு இன்னும் விசேஷம். மொத்த ஆய்வுக் கட்டுரைகள் இரட்டிப்பாக ஏறத்தாழ 15 ஆண்டு பிடிக்கிறது. ஆலைக் கட்டுரை என்று சந்தேகிக்கப்படுபவை ஒன்றரை ஆண்டில் இரட்டிப்பாகின்றன. கந்துவட்டிகூட இத்தனை வேகமாகக் குட்டி போடுமா என்று தெரியவில்லை.

ஆலையில் எழுதுவது என்றால் உட்கார்ந்து எழுதுவதல்ல. ஏற்கெனவே வந்த கட்டுரையைத் திருடுவார்கள். திருட்டைப் பிடிக்கும் மென்பொருளின் கண்ணில் மண்ணைத் தூவ, ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல் போடும் எந்திரத்தில் அதை விட்டு எடுப்பார்கள். திருட்டு மாட்டின் கொம்புக்கு வேறு வர்ணம் அடித்துச் சந்தைக்கு ஓட்டுகிற வேலை. 2021இல் குய்யோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகஸினோவ் என்ற மூவர் அந்த வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஆங்கிலக் கட்டுரைகளில் இப்படிச் சிக்கிய ரத்தினங்களைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும். செயற்கை நுண்ணறிவு, 'கள்ள நினைவு' ஆகியிருந்தது. பெருந்தரவு, 'ராட்சசச் சேதி'. மார்பகப் புற்றுநோய், 'நெஞ்சாபத்து'. தற்போக்கு மதிப்பு என்ற கணக்குச் சொல், 'தாறுமாறான மரியாதை' ஆகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். கட்டுரைகளை எண்ணிப் பார்த்து நாம் பேராசிரியர்களுக்குக் கொடுத்துவருவது அதைத்தானே?

சிறுநீரகச் செயலிழப்புக்கு எந்திரம் சூட்டிய பெயர் 'சிறுநீரக ஏமாற்றம்'. ஐ.சி.யு. வாசலில் டாக்டர் வந்து நின்று, "உங்க அப்பாவோட சிறுநீரகம் ரொம்ப ஏமாந்துபோயிருக்கு" என்று சொல்வதாக நினைத்துப் பாருங்கள். சிரிப்பு வருகிறதா? சிரித்துவிடுங்கள். அதை யார் ஏமாற்றினார்கள் என்பது பிறகு வருகிறது.

இன்னொரு ரத்தினம். 1959இல் வந்த ஒரு கட்டுரை இரண்டு பத்தியாக அச்சானது. அதைக் கணினியில் ஏற்றியபோது இடப்பத்தியின் ஒரு சொல்லும் வலப்பத்தியின் சொல்லும் ஒட்டிக்கொண்டு, 'தாவரத்தன எலக்ட்ரான் நுண்ணோக்கியியல்' என்று ஒரு புதிய அறிவியல் பிறந்தது. தினசரியில் இந்தப் பத்தியில் "கிணற்றில் பிணம்" என்றும் அடுத்த பத்தியில் "சவரனுக்கு 200 உயர்வு" என்றும் இருப்பதைக் குறுக்கே படித்து, பிணம் விலை ஏறிவிட்டது என்று முடிவு கட்டுவதைப் போல. அப்படி ஒரு நுண்ணோக்கியியல் உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் அது வந்திருக்கிறது. அத்தனையையும் யாரோ 'எழுதி', யாரோ 'படித்து', யாரோ 'ஏற்று' அச்சிட்டிருக்கிறார்கள்.

சக அறிஞர்கள் படித்துச் சரி சொன்ன பிறகே கட்டுரை அச்சேறும் என்பது இந்தத் துறையின் சத்தியம். அந்தச் சத்தியத்தை ஒரு எலி வந்து சோதித்தது. 2024 பிப்ரவரியில், ஃபிரான்டியர்ஸ் பதிப்பகத்தின் ஓர் உயிரணுவியல் பத்திரிகையில், விந்தணுவை உண்டாக்கும் மூல உயிரணுக்களைப் பற்றிச் சீனாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. முதல் படத்தில் ஓர் எலி. நிமிர்ந்து உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்க்கிறது. பார்க்காமல் என்ன செய்யும்? அதன் ஆணுறுப்பு அதன் உடம்பைவிடப் பெரிதாக வளர்ந்து, படத்தின் விளிம்பையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அம்புக்குறி போட்டு உறுப்புகளின் பெயர்கள்: 'டெஸ்டோம்செல்ஸ்', 'டிஸ்ஸில்ஸ்ட்', 'ரெடாட்'. எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். மிட்ஜர்னி என்ற படம் போடும் எந்திரத்தில் செய்தோம் என்று கட்டுரையாளர்கள் ஒளிக்காமல் எழுதியே கொடுத்திருந்தார்கள். மதிப்பாய்வு செய்தவர் இருவர், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் நம் நாட்டில். அவர்களில் ஒருவர் படங்களைத் திருத்தச் சொன்னாராம், பதில் வரவில்லையாம். பதில் வராவிட்டால் என்ன, கட்டுரை வந்துவிட்டது. ஊரே சிரித்ததும் மூன்றே நாளில் திரும்பப் பெற்றார்கள்.

எனக்கு அந்த எலியின்மேல் கோபமே இல்லை. அது தன் பொய்யை ஊரறிய நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எலி வந்தால் பூனையும் வர வேண்டுமே. அதே 2024இல் ரீஸ் ரிச்சர்ட்சன், நிக் வைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள் என்ற மேற்கோள் எண்ணிக்கை காசுக்கு விலை போவதைக் கண்டு, அதை எத்தனை சுலபமாகச் செய்யலாம் என்று காட்டினார்கள். பாட்டி வீட்டுப் பூனை லாரியின் பெயரில் 12 அபத்தக் கட்டுரைகளை எந்திரத்தில் தயாரித்து, அவற்றை மேற்கோள் காட்ட வேறு அபத்தக் கட்டுரைகளையும் தயாரித்து வலையில் விட்டார்கள். கூகுள் ஸ்காலர் சமர்த்தாக எண்ணிக்கொண்டது. லாரிக்கு 132 மேற்கோள்கள். நம்மூரில் நேர்மையாக ஆராய்ச்சி செய்து, அமிலம் பட்டுச் சட்டையெல்லாம் ஓட்டையாகி ஓய்வு பெற்ற எத்தனையோ வாத்தியார்களுக்கு இந்த எண்ணிக்கை கிடையாது. பூனை தன் வாழ்நாளில் படித்த ஒரே காகிதம் மீன் மடித்து வந்ததாகத்தான் இருக்கும்.

இதில் யாருக்கு என்ன லாபம்? ஒரு கல்யாண வீட்டைக் கற்பனை செய்யுங்கள். மளிகை, காய்கறி எல்லாம் ஊர்ப் பணம், அதாவது நம் வரிப்பணம். சமைக்கிறவனுக்குக் கூலி இல்லை. ருசி பார்த்துச் சொல்கிறவனுக்கும் கூலி இல்லை. பந்தியில் உட்கார்ந்தால் இலைக்குக் காசு. இல்லை, எல்லோருக்கும் இலவசமாகப் போடுங்கள் என்றால் சமைத்தவனே காசு கட்ட வேண்டும். மண்டபக்காரர் மட்டும் கல்லாவில். நேச்சர் பத்திரிகை தன் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட 9,500 யூரோ என்று 2020இல் விலை சொன்னது. எல்ஸ்வியரை வைத்திருக்கும் ரெலெக்ஸ் குழுமத்தின் அறிவியல் பதிப்புப் பிரிவு நூறு ரூபாய் வியாபாரத்துக்கு 38 ரூபாய் அளவில் லாபம் பார்க்கிறது. இலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறவன் இலையில் என்ன இருக்கிறது என்று ஏன் குனிந்து பார்க்கப்போகிறான்?

சரி, இனி சிரிக்க வேண்டாம்.

யோவாகிம் போல்ட் என்று ஒரு மயக்க மருத்துவர். ஜெர்மனியில் லுட்விக்ஸ்ஹாஃபன் நகர மருத்துவமனையின் மயக்கவியல் துறைத் தலைவர், பேராசிரியர், மாநாடுகளில் முன்வரிசை. ரத்த அழுத்தம் சரிந்த நோயாளிக்கு நரம்பில் என்ன திரவம் ஏற்றுவது என்பது அவருடைய துறை. அதில் ஒரு சரக்கு, ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச். சோளத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ எடுத்த மாவைப் பதம் மாற்றிச் செய்வது. நம் பாஷையில் கஞ்சி. சாதாரண உப்புத் திரவத்தைவிட விலை அதிகம். கஞ்சி நல்லது, கஞ்சி பத்திரமானது என்று போல்ட் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். உலகமெங்கும் டாக்டர்கள் ஏற்றினார்கள்.

2009இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் எண்கள் நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமாக இருப்பதாகச் சில வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். கவனியுங்கள், மதிப்பாய்வாளர்கள் அல்ல, காசு கொடுத்துப் படித்த வாசகர்கள். தோண்டிப் பார்த்தால் அந்த ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் அனுமதி இல்லை. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கே ஆதாரம் கிடைக்கவில்லை. 2010இல் வேலை போனது, பிறகு பேராசிரியர் பட்டம் போனது. இன்றுவரை அவருடைய 200க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன.

2012இல் டென்மார்க்கும் அண்டை நாடுகளும் சேர்ந்து, கடுமையான நச்சுக்குருதி (செப்சிஸ்) கண்ட ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் இந்தக் கஞ்சியை நேர்மையாகச் சோதித்தன. சாதாரணத் திரவம் ஏற்றியவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 43. கஞ்சி ஏற்றியவர்களில் 51. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 16 என்பது கஞ்சியில் 22 ஆனது. அடுத்த ஆண்டு ஜாமா மருத்துவ இதழில் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தவர்கள், போல்டின் ஆய்வுகளை மட்டும் விலக்கிவிட்டுக் கூட்டினார்கள். அவருடைய எண்கள் உள்ளே இருந்தவரை கஞ்சியின் கெடுதல் மங்கலாகத் தெரிந்தது. வெளியே எடுத்ததும் மரணமும் சிறுநீரகக் கேடும் தெளிவாகத் தலை தூக்கின. ஐரோப்பா அந்தக் கஞ்சியின் விற்பனைக்குத் தடை போட்டது 2022இல். கட்டுரையாளரின் வேலை போனதற்கும் கஞ்சிப் பை அலமாரியை விட்டு இறங்கியதற்கும் நடுவில் 12 ஆண்டு.

இப்போது சொல்லுங்கள், சிறுநீரகத்தை யார் ஏமாற்றினார்கள்? எந்திரம் தெரியாமல் போட்ட சொல் எத்தனை பொருத்தமாக விழுந்திருக்கிறது! கட்டுரையைத் 'திரும்பப் பெறுகிறோம்' என்று அறிவிப்பு போடலாம். வெடிக்கும் பிரஷர் குக்கரைக் கடைக்காரன் திரும்பப் பெறுவதைப் போல. நரம்பில் ஏறின கஞ்சியை எந்தப் பத்திரிகை திரும்பப் பெற்றுக்கொள்ளும்? டயாலிசிஸ் கட்டிலில் வாரம் மூன்று நாள் படுத்துக் கிடக்கிறவனுக்கு, திருத்தக் குறிப்பு எந்தப் பக்கத்தில் வந்தது என்று யார் சொல்வது?

ஒரு போல்ட் தனி ஆளாகப் பேனா பிடித்துச் செய்ததை இன்று ஆலை ஷிஃப்டு போட்டுச் செய்கிறது. பெரிய பத்திரிகை என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு 2020 மே மாதத்தை நினைவூட்டுகிறேன். கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்தால் சாவு கூடுகிறது என்று லான்செட் ஒரு கட்டுரை போட்டது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்றது. தரவு கொடுத்தது சர்ஜிஸ்ஃபியர் என்ற சின்னஞ்சிறு அமெரிக்க நிறுவனம். ஆஸ்திரேலியாவில் 5 மருத்துவமனைகளில் 73 பேர் இறந்ததாக அதில் இருந்தது. அந்தத் தேதியில் ஆஸ்திரேலியா முழுவதற்குமே சாவு 67தான். கார்டியன் நாளிதழ் விசாரித்தபோது, அந்த நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் இருந்தார். கற்பனை வளத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை நம்பி உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் பரிசோதனையையே சில நாள் நிறுத்தி வைத்தது. பிறகு பார்த்தால் அந்த மருந்து உண்மையிலேயே கொரோனாவுக்கு உதவாததுதான். பொய்யன் சொன்ன வழி தற்செயலாகச் சரியாக இருந்தால் அவன் வழிகாட்டி ஆகிவிடுவானா?

நம் நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்பு என்று, கல்லூரிகளை வரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். 2025 தரவரிசையில் கொண்டுவந்தது. நல்ல காரியம். அதே ஆண்டு பிப்ரவரியில், எது யோக்கியமான பத்திரிகை என்று சொல்லிவந்த 'கேர்' பட்டியலை யு.ஜி.சி. கைவிட்டு, இனிக் கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. மணியைப் பூனை கையிலேயே கொடுத்தாகிவிட்டது. லாரி பார்த்துக்கொள்ளும்.

நண்பரிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன். "வாங்கப் போறீங்களா?" என்று கேட்க வாய் வரவில்லை. அவருக்கு இரண்டு வருடமாக இன்கிரிமென்ட் நின்றிருக்கிறது, மகளுக்கு அடுத்த மாதம் கல்லூரிக் கட்டணம். கட்டுரை எண்ணிக்கை குறைந்தால் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கும் நிர்வாகம், அவர் வகுப்பில் ஒழுங்காகப் பாடம் நடத்துகிறாரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே திரையைத் தள்ளினார். விளம்பரத்துக்குக் கீழே யாரோ கும்பிடு போட்டு எழுதியிருந்தார்: "சார், தேர்ட் ஆத்தர் சீட் இருக்கா? டாபிக் எதுனாலும் ஓகே."